நீல டியூப்பும் என் இடது கன்னமும்

மூன்று வகை சன்ஸ்கிரீன் வாங்கிப் பூசிப் பார்த்த எவளும் நாலாவது நாள் தோல் டாக்டராகிவிடுவாள். ஐந்தாவது நாள் ஊருக்கே மருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவாள். எனக்குச் சுறுசுறுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. பூசுவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது எனக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். காலையில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புவேன். சித்திரை வெயில் முகத்தில் சுள்ளென்று அடிக்கும். கறுத்துப் போவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை (பொய்). தோல் எரிகிறதே என்பதுதான் கவலை (இது பாதி நிஜம்).

மெடிக்கல் ஷாப்பில் போய், "முந்நூறு ரூபாய்க்குள்ள நல்ல சன்ஸ்கிரீன் எதுண்ணா?" என்று கேட்டேன். அவர் நாலு டியூப்பை எடுத்து வரிசையாக வைத்து, "எல்லாம் நல்லதுதாம்மா, எது வேணும்?" என்றார். இந்தப் பதில் என் அறிவியல் மனத்தைப் புண்படுத்திவிட்டது. நான் பி.எஸ்சி. இயற்பியல் (அரியர் வைத்துத்தான் பாஸ், ஆனாலும் இயற்பியல்). நாலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் டியூப்பைப் பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் அம்மா, "இன்னாடி இது, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவுரு மாதிரி நிக்கற?" என்றாள். அது அங்கேயே அவுட். இரண்டாவது, சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய் வந்தால் அப்பளம் பொரிக்கலாம் என்கிற அளவுக்கு எண்ணெய் விட்டது. அதுவும் அவுட். மிச்சம் இருந்தவை ஒரு மஞ்சள் டியூப், ஒரு நீல டியூப். இரண்டுமே தடவினால் தெரியவில்லை, இரண்டிலுமே நாற்றமில்லை. எது ஜெயிக்கும்?

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இடது கன்னத்தில் மஞ்சள் டியூப். வலது கன்னத்தில் நீல டியூப். ஒரே முகம், ஒரே வெயில், ஒரே பஸ். வெளிநாட்டு விஞ்ஞானிக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தேன். எங்கள் பஸ்களில் இடது பக்க வரிசைதான் லேடீஸ் சீட். அதில் ஜன்னலோரம் எனக்கு வேண்டும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடிப்பேன். திரும்பி வரும்போதும் அதே மாதிரி, அதே பக்கம். சீட் மாறினால் சோதனை கெட்டுவிடுமாம். ஒரு நாள் பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு அம்மா, "காத்து வேணும், ஜன்னல் பக்கம் விடும்மா" என்று கெஞ்சினார். "இல்லம்மா, இது ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் சிதம்பரம் பஸ்ஸில் இனி ஏறவே மாட்டேன் என்கிற முகத்தோடு இறங்கிப் போனார்.

மாதக் கடைசியில் கண்ணாடி முன்னால் நின்றேன். இடது கன்னம் அடிப்பிடித்த பால் நிறம். வலது கன்னம் அப்படியே பளிச்சென்று இருந்தது. சந்தேகமே இல்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் நீளமான வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "மஞ்ச டியூப்பு வாங்கறவங்க காசைக் கொண்டுபோய் கடல்ல போடறாங்க. நீல டியூப்புதான். நானே டெஸ்ட் பண்ணிட்டேன்." பாதி காலியான மஞ்சள் டியூப்பை அம்மா எடுத்துப் போய்க் குதிகால் வெடிப்புக்குத் தடவிக்கொண்டாள்.

இதுவரைக்கும் நாசமானது என் கன்னம் மட்டும்தான். அதன் பிறகு என் அண்ணன் உள்ளே வந்தான்.

பிரபு அண்ணனுக்கு சோலார் பேனல் மாட்டுகிற கம்பெனியில் வேலை. பகல் முழுக்க யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நிற்பான். ஹெல்மெட் போட்டே வேலை செய்து செய்து, நெற்றி ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம். ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்துத் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாகச் சிதம்பரத்திலிருந்து ரேவதி என்கிற பெண்ணின் போட்டோ வந்தது. அவன் அதைப் பார்த்ததிலிருந்து சாப்பிடும்போதும் போனை இடது கையில் வைத்திருந்தான்.

பெண் பார்க்கப் போகிற அன்று காலையில் மெதுவாக என் பக்கத்தில் வந்தான்.

"ஏய் சுதா, அந்த நீல டியூப்பு வச்சிருக்கியா?"

"எதுக்குண்ணா?"

"சும்மாதான். வழியெல்லாம் வெயிலு." கண்ணாடியில் நெற்றியைப் பார்த்துக்கொண்டான். "தோ பாரு, இந்த எடமும் தட்டிப் போச்சின்னா நான் இனிமே எங்கயும் பொண்ணு பாக்க வரமாட்டேன். அம்மாகிட்ட சொல்லிடு."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் அளவு பார்க்க மாட்டேன் நான். இரண்டு விரல் நீளத்துக்குப் பூச வேண்டும் என்று யூட்யூபில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் முகம் பெரிசு, நான் மூன்று விரல் எடுத்தேன். நெற்றி, மூக்கு, இமை, காது வரைக்கும் பூசினேன், அத்தனை கனத்தில் ஹெல்மெட் கோடே மறைந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பதும் விதி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்ததும் இன்னொரு கோட்டிங் கொடுத்தேன். "போதும்டி, போதும்டி" என்றான். "நீ சும்மா இரு, நான் டெஸ்ட் பண்ணியிருக்கேன்" என்றேன்.

ரேவதி வீட்டில் நல்ல மரியாதை. அவளுக்கு அப்பா இல்லை, தாய்மாமாதான் முன்னால் நின்று எல்லாம் பேசினார். பெரிய மீசை, கணீர்க் குரல். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைத்தார். "வேலையெல்லாம் எப்படிப் போவுது?" என்று அவர் கேட்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

உச்சி வெயில் நேரம். அனல் அடிக்கிறது என்று ஜன்னலை வேறு சாத்தி வைத்திருந்தார்கள். அண்ணன் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்தேன். அது புருவத்தில் இறங்கியது. அப்புறம் கண்ணுக்குள் போனது. அண்ணன் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான். ரெண்டு தடவை சிமிட்டினான். அதன் பிறகு பொலபொலவென்று கண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

மாமா பேச்சை நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க" என்றான் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அம்மாவுக்கு நிலைமை புரியவில்லை. புரியாத இடத்தில் சும்மா இருக்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது. "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இளகின மனசுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரேவதி நன்னாரி சர்பத் தட்டோடு வெளியே வந்தாள். "தம்பி, பொண்ண நல்லா பாத்துக்குங்க" என்றார் மாமா. அண்ணனால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, கன்னத்தில் தாரை தாரையாக வழிய, "அழகா இருக்காங்க" என்றான்.

தெருவில் ஐஸ்காரன் மணியடிப்பது மட்டும் கேட்டது.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "தம்பி, மறைக்காம சொல்லுங்க. மனசுல வேற யாராச்சும் இருக்காங்களா? வீட்ல வற்புறுத்திக் கூட்டிகிட்டு வந்துட்டாங்களா? இப்பவே சொல்லிட்டா ஒண்ணும் குடி முழுவிடாது. எங்க வீட்டுப் பொண்ணு வாழ்க்கை இது."

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. எரியுதுங்க!"

"எரியுதா? எங்க எரியுது?"

அண்ணன் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும். 'என் தங்கச்சி என்னமோ கிரீமைப் பூசிட்டா' என்று சொன்னால் முடிந்தது. அவன் சொல்லவில்லை. நான் இருக்கும் பக்கம் குத்துமதிப்பாக முகத்தைத் திருப்பினான், மறுபடி மாமா பக்கம் திரும்பிக்கொண்டான். "வெயிலுங்க" என்றான். மூன்றாவது இடமும் என்னால் போகப் போகிறது, இவன் என்னைக் காட்டிக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு ரேவதி உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து அவள் பின்னாலேயே சமையலறைக்கு ஓடினேன். அவள் குழாயடியில் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, அவரு அழல, அது வந்து..."

"நீல டியூப்பா?" என்றாள்.

நான் வாயைப் பிளந்தேன்.

"சட்டக் காலர்ல வெள்ளையா வழிஞ்சிருக்கே. நானும் அத வாங்கிப் போட்டேன். கடலூர்ல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்கறேன். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து லேபுக்கு நடக்கறதுக்குள்ள கண்ணுல எறங்கிடிச்சி. ஊசியக் கையில வச்சிகிட்டு நான் அழறதப் பாத்துட்டு, ரத்தம் குடுக்க வந்தவரு எழுந்து ஓடிட்டாரு."

"ஆனா எனக்கு எரியவே இல்லியே! ஒரு மாசம் டெஸ்ட் பண்ணேன். வலது கன்னத்துல நீலம், இடது கன்னத்துல மஞ்சள். நீலம் போட்ட பக்கம் கறுக்கவே இல்ல, பாருங்க."

அவள் என் முகத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "கன்னத்துல மட்டும் போட்டா எப்படிக் கண்ணுல எறங்கும்? சரி, எந்த எடத்துல வெயில் பட்டு டெஸ்ட் பண்ணீங்க?"

"பஸ்லதான். தினம் கடலூர்லேர்ந்து இங்க வருவேன்."

"லேடீஸ் சீட்டு, ஜன்னலோரமா?"

"ஆமா. ரெண்டு வேளையும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "காலைல தெக்கப் பாத்து வர்றீங்க. ஒங்க இடது கை பக்கம் கெழக்கு. சாயந்திரம் வடக்கப் பாத்துப் போறீங்க. அப்ப இடது கை பக்கம் மேற்கு. ரெண்டு வேளை வெயிலும் அந்த ஒரு கன்னத்துலதான் விழுது. வலது கன்னம் ஒரு மாசமா நெழல்லியே வந்து போயிருக்கு."

நான் சமையலறையிலேயே திசைகளைக் கையால் காட்டிப் பார்த்தேன். இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். கிழக்கு மாறவில்லை.

"எனக்கு அப்படியே எதிர்ல" என்றாள். "காலைல வடக்க, சாயந்திரம் தெக்க. அதே லேடீஸ் சீட்டுதான். ரெண்டு வேளையும் நெழலு. பாவம் அந்த மஞ்ச டியூப்பு. அவ்ளோ வெயிலயும் தனியா தாங்கிட்டு இவ்ளோ கன்னத்தயாச்சும் மிச்சம் வச்சிருக்கு. அதுதான் நல்ல கிரீமு."

அந்த நல்ல கிரீம் அந்த நேரத்தில் அம்மாவின் குதிகாலில் இருந்தது.

ரேவதி கூடத்துக்கு வந்து, மாமா பார்க்கவே அண்ணன் கையில் ஈரத் துண்டைக் கொடுத்தாள். "கண்ணத் தொறக்காதீங்க. மொதல்ல நெத்தியத் தொடைங்க." அவன் துடைத்தான். துண்டு வெள்ளையானது. புருவத்துக்கு மேலே இருந்த ஹெல்மெட் கோடு பளிச்சென்று வெளியே வந்தது. பிறகு செக்கச் செவேலென்ற கண்களைத் திறந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் மீசையைத் தடவியபடி கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க. பொண்ணு புடிச்சிருக்கா?"

"இப்பதாங்க பாக்கறேன்."

"அப்ப அழகா இருக்காங்கன்னு சொன்னீங்களே?"

"அது போட்டோவ நெனச்சி சொன்னதுங்க."

மாமா சிரித்த சிரிப்பில் கரண்ட்டே வந்துவிட்டது (நிஜமாகவே அந்த நிமிஷம்தான் வந்தது). ரேவதியைப் பார்த்து, "உனக்கு இன்னாம்மா?" என்று கேட்டார். "கண்ணு அந்தளவு எரிஞ்சும் தங்கச்சியக் காட்டிக் குடுக்கல. எனக்குச் சம்மதம் மாமா" என்றாள். நாங்கள் கிளம்பும்போது என் கைப்பையிலிருந்த நீல டியூப்பைக் கேட்டு வாங்கி, எதிரே இருந்த குப்பைத்தொட்டியில் அவளே போட்டாள்.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டும்போது அண்ணனுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ஒரு ஆள்கூட நம்பவில்லை. மேடையிலேயே மாமா, "மாப்ள, இன்னா கிரீமு?" என்றார். மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் அழுதாலும் இதே கேள்விதான். அம்மா வெங்காயம் நறுக்கினாலும் கேட்பார்கள். அண்ணி முதல் பிரசவத்துக்குப் போகும்போது அழுததற்கும் கேட்டார்கள். எனக்கு வேறு, குடும்பத்தோடு எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், "சுதாவைக் கேட்டுட்டு உக்காருங்க, எந்தப் பக்கம் கெழக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்" என்று ஒரு பட்டம்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டுக் கார் கிளம்புகிற நேரம். நான் அழக்கூடாது என்று இருந்தேன், அழுதால் கேட்பார்களே. அண்ணன் வந்து கார்க் கதவைச் சாத்தினான். ஜன்னல் வழியாகக் குனிந்து, நான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்து, "வெயில் அடிக்கும், அந்தாண்ட தள்ளி உக்காரு" என்றான். குரல் சரியாக இல்லை. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கண்ணிலும் தண்ணீர் கட்டி நிற்கிறது.

"இன்னாண்ணா, இன்னா கிரீமு?" என்றேன்.

"நீல டியூப்புடி" என்றான்.