வட்டத்தில் நிற்க ஆள் தேவை

"அந்த வட்டத்துக்குள்ள நான் போய் நிக்க மாட்டேன்," என்றான் சுபைர்.

புலரி வாசகசாலையின் சிமெண்டுத் தரையில் சத்யசீலன் சாக்பீஸால் நான்கு வட்டங்கள் போட்டு வைத்திருந்தார். ஓணத்துக்கு நாடகம், ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சுபைர் கோடு காலில் பட்டுவிடாதபடி தள்ளி நின்றான். ஆட்டோ ஓட்டுகிறவன், ஸ்டாண்டு யூனியனுக்குச் செயலாளர் வேறு.

"வெறும் நாடகம்தானேடா," என்றார் சத்யசீலன். "நீ உழைக்கிறவங்க வட்டம். அரசாங்கம் உத்தரவு போட்டதும் தலையாட்டணும். அவ்வளவுதான்."

"அதத்தான் முடியாதுங்கிறேன். நான் தலையாட்டுறத எவனாச்சும் போன்ல படம் புடிச்சுட்டான்னா, நாளைக்கு ஸ்டாண்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன் சத்யேட்டா?"

நாடகத்தை எழுதியவரும் சத்யசீலன்தான். வருங்காலத்தில் ஒரு நகரம். உழைக்கிறவர், கணக்குப் போடுகிறவர், பாடுகிறவர், காவல் காக்கிறவர் என்று எல்லாரையும் நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் எதிலும் சேரவில்லை. ஊரே கூடி அவனைக் கோட்டை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. அவன் போகும்போது ஒரு வசனம் பேசுவான். சபை அழ வேண்டும்.

அந்தச் சேராதவன் வேடத்தைச் சத்யசீலன் தனக்கென்றே எழுதிக்கொண்டார். அதில் ஒரு நியாயம் இருந்தது. மின்சார ஆபீஸில் கிளார்க். தினமும் அதே புட்டும் கடலையும், அதே பஸ், அதே ஜன்னல் சீட்டு. கல்யாணப் போட்டோவில் அவரைக் கண்டுபிடிக்க அவர் மனைவி ஷைலஜாவே கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவாள். "திருவிழாவுல உங்கள தொலைச்சா நான் என்ன அடையாளம் சொல்லித் தேடுவேன்? எவன்கிட்ட கேட்டாலும் நூறு பேர கொண்டாந்து நிறுத்துவான்," என்பாள். ஆயுசில் ஒரே ஒரு மாலையாவது எந்தக் கூட்டத்திலும் சேராத ஆளாக நின்று பார்த்துவிட வேண்டும் என்று மனிதருக்கு அப்படி ஓர் ஆசை. இந்த ஓணத்தை விட்டால் வேறு வாய்ப்பும் இல்லை. இந்தத் தடவை நாடகம் சொதப்பினால் அடுத்த வருஷம் முதல் சினிமாப் பாட்டுக் கச்சேரிதான் என்று கமிட்டி முன்பே முடிவு செய்துவிட்டது.

"சரிடா," என்றார். "நீயும் ஒரு சேராதவன். ரெண்டு பேரா இருந்துட்டுப் போறோம்."

அங்கேதான் கோளாறு தொடங்கியது.

"ஏன், சேராம இருக்குறதெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான் எழுதி வெச்சிருக்கா?" என்று வத்ஸலா டீச்சர் எழுந்தார். "மாதர் சங்கத்துலருந்து எத்தனை தடவ வெளிநடப்பு பண்ணவ நான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சரே. நீங்களும் சேந்துக்குங்க."

"அப்ப நான்?" என்றார் பேக்கரி லோனப்பன். வாசகசாலையின் பொருளாளர். "எங்க குடும்பமே எவனுக்கும் அடங்காத குடும்பம், சத்யசீலா."

மனைவி கண்ணைக் காட்டினால் பேக்கரி ஷட்டரை இறக்குகிற மனிதர் அவர். இருந்தாலும் பெரியவர் கேட்கும்போது எப்படி மறுப்பது?

எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்த மாதிரி நாவல்கள் வாசகசாலையில் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன, எல்லாம் கிழியக் கிழியப் படித்தவை. அவற்றில் எல்லாம் சேராதவன்தான் கதாநாயகன். அவனை அடைப்பார்கள், அடிப்பார்கள், துரத்துவார்கள். படிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அது தாங்கள்தான் என்று நினைத்துக் கண் கலங்குவார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற ஆயிரம் பேரில் ஒருவன் தான் என்று நினைத்துப் படித்தவர் எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை.

அன்றே அவசரக் கூட்டம் போட்டார்கள். கட்டன்சாயா வந்தது, பழம்பொரி வந்தது, எல்லாரும் பேசினார்கள். கடைசியில், சேராதவராக இருக்கும் உரிமை நடிகர்கள் அனைவருக்கும் உண்டு என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்து ஒரு கை கூட எழும்பவில்லை.

அடுத்து உடுப்புப் பிரச்சினை வந்தது. லோனப்பன் பேக்கரியிலிருந்து காலி மைதாச் சாக்குகளைக் கொண்டுவந்து தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டார். ஒருவர் மட்டும் வீட்டிலிருந்து அரிசிச் சாக்கில் வந்தார். டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன கோலம்? எல்லாரும் ஒரே மாதிரி வந்தாத்தானே சேராதவங்கன்னு பாக்குறவங்களுக்குத் தெரியும். போய் மாத்திட்டு வாங்க."

சுபைர் அவர்களை வரிசையில் நிறுத்தி, ஒரே சமயத்தில் காலெடுத்து வைத்து வெளிநடப்பு செய்யப் பழக்கினான். இடது, வலது, இடது, வலது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வட்டங்கள் நான்கும் காலியாகக் கிடந்தன.

"ஆமா, நாம இவ்வளவு பேரும் சேராதவங்கன்னா, நம்மள வெளிய தள்ளுறது யாரு?" என்று லோனப்பன் கேட்டார்.

எல்லாரும் சத்யசீலனைப் பார்த்தார்கள்.

"நானா? லோனப்பேட்டா, இந்த வேஷத்துக்காகத்தான் நான் நாடகமே எழுதினேன்."

"எழுதினது நீதான், யாரு இல்லேன்னா? அதனாலதான் எல்லா வட்டமும் உனக்கு அத்துப்படி."

சத்யசீலன் வீட்டுக்குப் போய் ஷைலஜாவிடம் கெஞ்சினார். "நீ மட்டும் ஒரு வட்டத்துல வந்து நில்லு. மிச்சத்த நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்குறேன்."

"வீட்டுல சொன்ன எடத்துல நிக்கிறது போதாதா? மேடையில வேற நிக்கணுமா?" என்றாள் அவள். "சாக்கு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்."

சாக்கு மீதி இல்லை. சத்யசீலன் தனக்கென்று எடுத்து வைத்திருந்த சாக்கையும் அரிசிச் சாக்குக்காரர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். சத்யசீலனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் நாடகம் நின்றுபோகக் கூடாதே. துணிக்கொடியிலிருந்து ஆபீஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

ஓணத்தன்று வடம் இழுக்கும் போட்டி முடிந்த கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே திரை விலகியது. வெள்ளைச் சட்டையும் பேண்டுமாகச் சத்யசீலன் ஒருவரே முழு நகரமாக நின்றார். தலையில் துண்டைக் கட்டி உழைக்கிறவர் ஆனார். அடுத்த வட்டத்துக்குத் தாவி, மூக்குக் கண்ணாடி போட்டுக் கணக்குப் பார்த்தார். அடுத்ததில் தாளம் தட்டி இரண்டு வரி பாடினார். கடைசி வட்டத்தில் விசில் ஊதிக் காவல் காத்தார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. இது அழ வேண்டிய இடமாயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது.

"சேராதவர்களே, இந்த நகரத்தை விட்டு வெளியேறுங்கள்," என்றார், இரைத்துக்கொண்டே.

சாக்குக்காரர்கள் தலைகுனிந்து வெளியேற வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் முன்வரிசையில் ஸ்டாண்டு ஆட்கள் மொத்தமாக உட்கார்ந்திருப்பதைச் சுபைர் பார்த்துவிட்டான்.

"போக மாட்டோம்," என்றான்.

"போக மாட்டோம், போக மாட்டோம்," என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பழக்கதோஷம், முஷ்டியும் மேலே போயிற்று.

"டேய், போகணும்டா. அடுத்த காட்சியே நீங்க போனாத்தான்," என்று சத்யசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"இவர் யாரு நம்மள போகச் சொல்ல?" என்றார் டீச்சர். "ஓட்டுக்கு விடுங்க. யாரு வெளிய போகணும்னு சபை முன்னாடியே தீரட்டும்."

கை தூக்கினார்கள். அத்தனை கைகளும் ஒரு பக்கம், சத்யசீலன் ஒரு பக்கம். சுபைர் அவரை அலாக்காகத் தூக்கி, அட்டையில் செய்த கோட்டை வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

சத்யசீலனுக்கு வசனமெல்லாம் மறந்துபோயிற்று. கதவைத் தட்டினார்.

"டேய் சுபைரே, திறடா. சொன்ன எடத்துலதானேடா நின்னேன்? நீங்க யாரும் நிக்க மாட்டேன்னீங்க, எல்லா வட்டத்துலயும் நான் ஒருத்தனே ஓடி ஓடி நின்னேன். நான் என்னடா தப்பு செஞ்சேன்?"

குரல் உடைந்தது. சபையில் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. ஸ்டாண்டு ஆட்களே எழுந்து நின்று கை தட்டினார்கள், அது நெடுநேரம் ஓயவில்லை.

நாடகம் குட்டிச்சுவராகிவிட்டது என்று நினைத்துச் சத்யசீலன் திரைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷைலஜா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இத்தனை பேருக்கு நடுவுல இன்னிக்குத்தான் உங்கள சட்டுனு கண்டுபிடிச்சேன்," என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நினைத்தது நடந்துவிட்டது, அதுவும் ஆபீஸ் சட்டையிலேயே நடந்துவிட்டது. சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை.

வாசகசாலைக்குள் பெருங்கூச்சலாகக் கேட்டது. அவசரக் கூட்டம்தான். சற்று நேரத்தில் லோனப்பன் வெளியே வந்தார்.

"பக்கத்து ஊர் வாசகசாலைக்காரங்க வந்திருக்காங்க, சத்யசீலா. அடுத்த மாசம் அவங்க மேடையிலயும் இத போடணுமாம்."

"போட்டுருவோம் லோனப்பேட்டா," என்று சத்யசீலன் துள்ளி எழுந்தார். "இதே சட்டை, இதே வட்டம். நான் ரெடி."

லோனப்பன் தொண்டையைக் கனைத்தார். மெல்லத் தன் மைதாச் சாக்கைத் தலைவழியாக உருவி அவர் கையில் கொடுத்தார்.

"வட்டத்துல நிக்கிற வேஷம் எங்க எல்லாருக்கும் வேணும்னு இப்பத்தான் ஏகமனதா தீர்மானம் ஆச்சு. சேராதவன் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கல, இத மாட்டிப் பாரு, உனக்குச் சரியா இருக்கும்."