சிவப்பு பெயின்ட்டும் ஊர் பிரஷரும்

கேள்வி கேட்பதில் எனக்கு இருக்கிற ஆர்வம், பதிலைக் காது கொடுத்துக் கேட்பதில் இருந்ததே இல்லை. அதனால் ஒரு முறை ஒரு ஊருக்கே ரத்தக் கொதிப்பு வரவைத்தேன்.

அது சமூகப்பணிப் படிப்பின் கடைசி வருடம். மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஒரு கிராமத்தோடு எங்கள் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போடவிருந்தது. வாரம் ஒரு நாள் டாக்டர், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெண்களுக்குத் தையல் பயிற்சி. நிபந்தனை ஒன்றுதான். முதல் மருத்துவ முகாமுக்கு நாற்பது பேராவது வர வேண்டும். வராவிட்டால் எல்லாம் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதற்காக அலையாய் அலைந்தவர் மகளிர் குழுத் தலைவி செல்வி அக்கா. பிரஷர் மாத்திரைக்கு ஊரே இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தது. போக முடியாதவர்களுக்கு அக்காவே வாங்கி வருவார்.

முகாமுக்கு முந்தின நாள் வீட்டுக் கணக்கெடுப்பு என் பொறுப்பு. சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு நம்பர் இல்லாத வீட்டைப் பார்த்தால் கை அரிக்கும். கேட்டுக்கு அடிக்க அப்பா வாங்கி வைத்திருந்த சிவப்பு பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு போய், சுவருக்குச் சுவர் கொட்டை எழுத்தில் நம்பர் போட்டேன். பிறகு கேள்விகள். சொந்த இடமா? கிணறு உண்டா? எத்தனை தென்னை? (தென்னைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். படிவத்தில் இருந்தது, கேட்டேன்.)

ஒரு பெரியவர் நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். நெருக்கம் காட்டுகிறேன் பேர்வழி என்று பெருமையாகச் சொன்னேன்: "எங்கப்பா மைன்ஸ்ல சர்வே செக்ஷன், தாத்தா. பர்மனென்ட்."

அவர் முகம் கறுத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் சுவரில் நம்பர் விழுந்து, தென்னையையும் எண்ணினால், சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பால்வாடிப் பிள்ளைக்குத் தெரிந்தது இந்த மக்குக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாற்பது என்ன, ஊரே சமுதாயக் கூடத்தில் திரண்டிருந்தது. பேராசிரியர் பூரித்துப்போனார். எல்லோர் கையிலும் மஞ்சள் பை. பழைய மருந்துச் சீட்டாக இருக்கும் என்று டாக்டர் முதல் ஆளை உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். பிரஷர் எகிறியது. அடுத்தவருக்கு அதற்கும் மேலே. கல்யாணமாகாத சின்னப் பெண்ணுக்கும் அப்படியே. கருவிதான் ரிப்பேர் என்று டாக்டர் தன் கையிலேயே கட்டிப் பார்த்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது.

நேற்றைய பெரியவர் பையிலிருந்து பட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "பாட்டன் காலத்துலேருந்து இந்த வூட்லதான் இருக்கோம். பிரஷரு பாத்துகினே நெலத்த எடுத்துடலாம்னு வந்தீங்களா?"

செல்வி அக்கா என்னைக் கூட்டத்தின் நடுவே இழுத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "மூணு வருஷமா நாயா அலைஞ்சிகினு இருக்கேன். நம்பர் போட்டவ நீ. நீயே சொல்லு."

குவார்ட்டர்ஸ் புத்தி, பெயின்ட் டப்பா, அப்பா பெருமை என்று ஒன்று விடாமல் அழுதுகொண்டே சொன்னேன். அன்று சாயந்தரம் வரை தின்னரும் துணியுமாகச் சுவர்களைத் துடைத்தேன். இங்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று ஊரே கூட வந்து காட்டிக்கொடுத்தது. நம்பிக்கையோ, பரிதாபமோ, அடுத்த வாரமும் எல்லோரும் வந்தார்கள். ஒப்பந்தம் கைநழுவாமல் தப்பியது.

டாக்டர் மறுபடி எல்லோருக்கும் பார்த்தார். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களை விட்டால், மற்ற எல்லோருக்கும் பிரஷர் இறங்கியிருந்தது. செல்வி அக்காவுக்கு மட்டும் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் மாத்திரை சுமந்தவர், இந்த முகாமுக்கு முன்னால் தனக்கு ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லையாம். என் தப்புதானோ என்று பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "இது நீ குடுத்தது இல்ல ராஜி. என் சொந்தப் பிரஷரு," என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அந்த ஊரில் பிரஷர் இரண்டு வகை. கோபத்தில் ஏறி இறங்குவது ராஜி பிரஷர். மாத்திரை கேட்பது சொந்தப் பிரஷர். இந்தக் கதையை வீட்டில் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. அம்மா குரல் உயரும்போதெல்லாம், ராஜி பிரஷர்தான், தானாக இறங்கிவிடும் என்று அப்பா பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அக்காவின் முகம் ஞாபகம் வந்து, ஒரு நாள் அம்மாவை அந்த முகாமுக்கே கூட்டிப்போனேன். சொந்தப் பிரஷர்தான் என்றார் டாக்டர்.

அப்பா அந்த ஜோக்கை அத்தோடு விட்டுவிட்டார். இப்போது அதைச் சொல்வது அம்மா. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, வந்திருக்கும் விருந்தாளியிடம் அப்பாவைக் காட்டிச் சாவகாசமாக விளக்குவார்: "டாக்டர் என்னுதுன்னுதான் எழுதியிருக்காரு. ஆனா பாதி இவரோடது."