உன் பையன் கல்யாணத்தை நான் காப்பாற்றிய விதம்

அன்பும் அதிகாரமும் ஒருங்கே உடைய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அவருடைய குறட்டையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். சரித்திர முக்கியத்துவம் உள்ள விஷயங்களைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும்.

போன வாரம் அழுதாயே, பையன் திடீரென்று கல்யாணம் வேண்டாம் என்கிறான், அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது, நீ பேசினால்தான் கேட்பான் என்று. இனிமேல் அழாதே. முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். உன் பையன் லிஃப்ட் கம்பெனிச் சட்டையோடு, அந்தப் பெண் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு. நான் உட்காரக்கூட விடாமல் ஆரம்பித்துவிட்டேன். பதினாலு மாடிக் கட்டடத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நான் பெயிண்ட் அடித்தது, கீழே ஊரே கூடி நின்று பார்த்தது, கயிறு பாதி அறுந்த பிறகும் ஜன்னல் ஓரத்தை நான் கோணாமல் முடித்துக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். (மாடி கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம். கயிறு கயிறுதான்.) வழக்கமாக இந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் போனை எடுத்துப் பார்ப்பார்கள். இவன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டான்.

"உங்க தலைமுறையே வேற மாமா. எங்களால எதையும் தாங்க முடியாது. ஒரு படத்தை முழுசா உக்காந்து பாக்க முடியல, ஒரு வேலையில நிலைச்சு நிக்க முடியல. நாங்க எங்க ஒருத்தரோட ஒருத்தர் காலம்பூரா இருக்கப் போறோம்?"

அக்கா, உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு நம்மைப் புகழ்கிற பிள்ளைகளை இந்தக் காலத்தில் எங்கே தேடுவது? கொஞ்ச நேரம் நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது, நான் தலையாட்ட ஆட்ட உன் வருங்கால மருமகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று. அதற்குள் அவன் அடுத்ததைப் போட்டான். "உங்களையும் அத்தையையும் பாருங்க. வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசிக்கல. ஆனா எல்லாம் நடக்குது. பேசாமலே புரிஞ்சுக்கிறீங்க."

இந்த இடத்தில் உனக்கு ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், திரும்பி வந்ததும் அசந்துபோகட்டும் என்று சமையலறைக்குப் பெயிண்ட் அடித்து வைத்தேன். ஒரு ஆஸ்பத்திரி வேலையில் மிஞ்சிய பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, அடித்தவன் போய்ச் சேர்ந்த பிறகும் மங்காத பச்சை. அவள் வந்தாள், பையைக் கீழே வைத்தாள், எட்டிப் பார்த்தாள். "இங்க யாருக்கு ஆபரேஷன்?" என்றாள். அதுதான் என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் சுவரிடம்தான். பச்சை, சாப்பாடு எடுத்து வெச்சாச்சு. பச்சை, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு. நான் மட்டும் இளைத்தவனா, நானும் பச்சையிடமே பதில் சொல்லிவந்தேன். இதைத்தான் உன் பையன் பேசாமலே புரிந்துகொள்வது என்கிறான்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, தாங்கள் அப்படி இல்லை, சின்ன வருத்தம் வந்தாலும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு பலவீனம் என்றாள். அவளுக்கு ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. போன் போட்டுத் திட்டுகிறவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்க வேண்டுமாம். கேட்டதும் பாதிக் கோபம் இறங்கிவிடுமாம். அதையே இவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்து காட்டச் சொன்னேன். போன் பண்ணாமல் என்னை மழையில் நிற்க வைத்தாய், நான் முக்கியமில்லையோ என்று தோன்றியது என்று அவள் சொன்னாள். அவன் ஒரு சொல் மாற்றாமல் திருப்பிச் சொன்னான். சரியா என்றான். சரி என்றாள். மன்னிச்சுடு என்றான். முடிந்தது. நம் வீடுகளில் இதே மழை என்றால் அடுத்த கோடை வரை நனைந்துகொண்டே இருப்போம். நான் அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். இதற்குப் பெயரா பலவீனம்? நம்மை இரும்பு என்கிறார்கள். இரும்பாகவே இருக்கலாம். துருப்பிடித்துக் கிடப்பதும் அதனால்தான்.

இதையே அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. உங்களுக்கெல்லாம் இது தூசு மாமா, ஒரே தடவையில் செய்துவிடுவீர்கள் என்றான். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நான் இதில் கேவலமாகத் தோற்றால் அவனுக்குத் தைரியம் வரும், கல்யாணம் நடக்கும். அக்கா பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்பது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தோம். அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "என்னைக் கேக்காம என் சமையலறைக்குப் பெயிண்ட் அடிச்சீங்க" என்றாள்.

நான் திருப்பிச் சொன்னேன். "உன் சமையலறைக்கு முதல் தரமான பெயிண்ட்டை, ரெண்டு கோட், தரையில ஒரு சொட்டு சிந்தாம அடிச்சேன். சரியா?"

"மாமா, அவங்க சொன்னதை மட்டும்" என்றாள் அந்தப் பெண். இந்தப் பொறுமை இருந்தால் ஒரு நாட்டையே ஆளலாம்.

"நாள்பூரா அதுக்குள்ள நிக்கிறவ நான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எனக்கு எதையும் உள்ளபடி சொல்லி வழக்கமில்லை, உனக்குத் தெரியும். வாய் தானாகப் போனது. "நாள்பூரா அதுக்குள்ள நிக்கிறவ நீ. உன் கை பட்டா வெந்நீருக்கும் ருசி வரும். அப்படிப்பட்டவளை ஒரு மடையன், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேக்காம, ஆஸ்பத்திரியில மிஞ்சினதைத் தூக்கிட்டு வந்து பூசிட்டான். சரியா?"

என் வீட்டுக்காரி ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து உரித்தாள். "மடையன்னு நான் சொல்லல" என்றாள். பாதிப் பழத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஆனா அந்த வார்த்தையை எடுக்க வேண்டாம், இருக்கட்டும்" என்றாள்.

உன் பையன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவ்வளவுதானா மாமா, நீங்களும் எங்களை மாதிரிதானா என்றான். உடனே தேதி பார்ப்பதாக அந்தப் பெண்ணிடம் சொன்னான். நான் தோற்ற அழகு அப்படி.

பத்திரிகையில் தாய்மாமன் என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லு. நீயும் அத்தானும் பல்லும் பார்வையும் குறையாமல் இருந்து பேரப்பிள்ளைகளின் சேட்டையைப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
காரியத்தை முடித்த தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது என் வீட்டுக்காரி இதை வாங்கிப் படித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மண்டபம் போன மாதமே பதிவாகிவிட்டதாமே. பையன் வேண்டாம் என்று சொல்லவே இல்லையாமே. இனிமேல் சுவரோடு குடும்பம் நடத்த முடியாது என்று இவள் உன்னிடம் சொல்ல, புகழ்ந்தால்தான் மாமா பேச உட்காருவார் என்று அந்தப் பெண் யோசனை சொல்ல, நீ போனில் அழுதாயாமே. உன் பையனைக் கூப்பிட்டு, எங்கள் தலைமுறை பெரிது என்றாயே, அதுவும் பொய்யா என்று கேட்டேன். "அதுல பாதி நிஜம் மாமா. எந்தப் பாதின்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். இப்படி முகம் மாறாமல் பொய் சொல்ல அத்தான் வழியில் ஒருத்தருக்கும் வராது. அது நம் பக்கத்து ரத்தம். நான்கூட அந்த வயதில் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. பெருமையாக இருக்கிறது. இந்தப் பின்குறிப்பை மட்டும் கத்தரித்துவிட்டு மீதியை அத்தானிடம் கொடு.