வியன்னாக் கடைத்தெருவில் எவ்ளோ அக்கா

தாம்பரம் மேற்கே ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கினால், தள்ளுவண்டி வாணலியில் சூடான மணலோடு கடலை புரளும் வாசனை முதலில் வரும். பிறகு கரண்டி வாணலியின் விளிம்பில் தட்டும் ‘டங் டங்.’ இந்த இரண்டும் சேர்ந்து என்னை நிற்க வைத்துவிடுகின்றன. கால் தாம்பரத்தில் நிற்கிறது; மூக்கு மட்டும் வியன்னாவுக்குப் போய்விடுகிறது. அங்கே, குளிர் எலும்பைக் கடிக்கும் ஒரு கல் பாவிய கடைத்தெருவில், இதே வாசனையில் கஷ்கொட்டை என்கிற குளிர்நாட்டுக் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தவரிடம் எவ்ளோ அக்கா, “இது என்ன விலை?” என்று தமிழில் கேட்டாள். அவள் காட்டியது கஷ்கொட்டையை அல்ல, அடுப்பை.

உலகத்தில் விலை கேட்கப்படாத பொருள் ஏதாவது மிச்சமிருந்தால், அது எவ்ளோ அக்காவின் கண்ணில் இன்னும் படவில்லை என்றுதான் அர்த்தம்.

பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டில் எனக்கு நேர் மேல் மாடி. அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு ஒரு நல்ல பெயரும் உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் தலையில் அட்சதையைப் போட்டுக்கொண்டே புடவை எவ்ளோ என்று கேட்பாள். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் மொட்டை மாடிக்கு மேல் போனால், வடாம் பிழிவதை நிறுத்திவிட்டு, “இது எவ்ளோ இருக்கும் தம்பி?” என்பாள். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், ஊரே ஊருக்குக் கிளம்பிக் கொண்டிருக்க, பெருங்களத்தூர் சந்திப்பில் வியர்த்து நின்ற போக்குவரத்துக் காவலரிடம் போய்,

“சார், இந்த விசில் எவ்ளோ?”

“அம்மா, பின்னாடி எத்தினி பஸ் நிக்குது பாரு!”

“அது நிக்கட்டும். நல்லா சத்தம் வருதே, அதான் கேட்டேன்.”

அவர் விலையைச் சொன்னார். வாங்கிய கடையையும் சொன்னார். பெண்ணுக்கு வரன் தேடுவதையும் சொல்லத் தொடங்கியபோது ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஹாரன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கோவளம் போவாள், மீனுக்கு. துணைக்கு நானும் போயிருக்கிறேன். விலை கேட்பாள், பாதியாகக் கேட்பாள், கூடைக்காரப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடனே அக்கா கிளம்பிவிடுவாள். அது ஒரு தனி நடை. வேகமாகப் போகக்கூடாது, நின்றுவிடவும் கூடாது. நடுவில் ஒருமுறை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டும், கூப்பிடுகிறவருக்கு அவகாசம் தர. சரியாக வார் மேலேறும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

“யக்கா! ஏ யக்கா! இந்தா வா, எடுத்துகினு போ. காலங்காத்தால பேஜார் பண்ணிகினு!”

ஒருமுறை காய்ச்சலில் அக்கா இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் அந்தப் பெண்மணியே ஒரு வஞ்சிரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். “இன்னா யக்கா, ஆளையே காணோம்? நீ வந்து சண்ட போடாம எனுக்கு போணியே ஆவல!”

அப்படிப்பட்டவளின் ஒரே மகள் நித்யா வியன்னாவில் இருந்தாள். காது கேளாதவர்களுக்கான கருவிகளைச் செய்யும் இடத்தில் வேலை. வேலை தங்கம். சிக்கல், ஆறு மணிக்கு மேல்தான். பேச ஆளில்லை. மூன்று வருடத்தில் பக்கத்துக் கதவில் யார் என்று தெரியாது. போனில் அழுகை. கடைசியில், “அம்மா, நீ வா. ஊரைப் பாத்துட்டு ரெண்டு பேருமா திரும்பி வந்துடலாம். ரிசைன் பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டாள்.

அக்கா போனாள். அதே டிசம்பரில் என் கம்பெனியும் என்னைப் பத்து நாள் அங்கே அனுப்பியது. பை நிறைய ஊறுகாயோடு நான் போய் இறங்கிய மறுநாள், மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம்.

கேர்ன்ட்னர் தெரு. ஆபரா என்னும் இசைநாடக மாளிகையிலிருந்து பெரிய தேவாலயம் வரைக்கும், வண்டியே விடாத தெரு. விளக்குகள் தலைக்கு மேல் தொங்குகின்றன, கடைக் கண்ணாடிகளில் பொம்மைகள் கோட்டு போட்டு நிற்கின்றன, ஜனங்கள் ஆறு போலப் போகிறார்கள், அந்த ஆற்றுக்குச் சத்தமே இல்லை. அக்கா மட்டும் சுவரோடு ஒட்டி, கழுத்தைத் திருப்பித் திருப்பி நடந்தாள்.

“தம்பி, பின்னாடி வண்டி வருதா பாரு.”

“இங்க வண்டி வராதுக்கா.”

“வராதுன்னு சொல்ற இடத்துலதான்ப்பா வரும்.”

தேவாலய முனையில் இரண்டு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டி ஒன்று திரும்பி வந்தது. “பாத்தியா!” என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு வண்டிக்காரரிடம் போய்க் குதிரையின் விலையைக் கேட்டாள். தொப்பி வைத்த அந்த மனிதர் சவாரிக்கான தொகையைச் சொல்ல, அக்கா என்னிடம் திரும்பி, “குதிரை இவ்ளோ சல்லிசா? தாம்பரத்துல ஆட்டுக்குட்டி கூட வராதேப்பா!” என்றாள். நித்யா பத்தடி தள்ளி நின்று, எங்களை முன்பின் பார்த்திராதவளைப் போலக் கைக்கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெரிய கடைக்குள் புகுந்து அக்கா சால்வை ஒன்றை எடுத்தாள். கடைப்பெண் புன்னகையோடு விலைச்சீட்டைத் தொட்டுக் காட்டினாள். அக்கா பாதி விலையை விரலில் காட்டினாள். கடைப்பெண் அதே புன்னகையோடு அதே சீட்டைத் தொட்டாள். அக்கா கிளம்பினாள், கோவளத்து நடை. வாசல் வரை வந்தாள். வெளியே வந்தாள். குனிந்து ஷூவின் கயிற்றைச் சரிசெய்தாள். அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கடை, அதற்கடுத்த கடை. அந்தத் தெரு முழுக்க அவள் போய்க்கொண்டே இருந்தாள், முதுகைக் காது போல விரித்து வைத்துக்கொண்டு.

தெருக்கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நித்யா காபி வாங்கப் போயிருந்தாள்.

“இவ்ளோ பெரிய தெருவுல, ‘திரும்பி வா’ன்னு கூப்பிட ஒருத்தர் இல்லையேப்பா. இவ எப்படி இங்க இருப்பா?”

“அதான் வந்துடறேங்கறாளே அக்கா.”

“வேலை பிடிக்கலன்னு வந்தா ஆரத்தி எடுத்துக் கூட்டிப் போவேன். அந்தக் காது மிஷினைப் பத்திப் பேசறப்ப அவ மூஞ்சியைப் பாத்திருக்கியா நீ? அதை வுட்டுட்டு அழுதுகிட்டு வரக்கூடாது தம்பி.”

மறுநாளும் அதே தெரு. அதற்கு மறுநாளும். தெரு முடிந்து பிரியும் சந்தில் பண்டிகைக்காக மரத்தடுப்புக் கடைகள் போட்டிருந்தார்கள். ஒரு கடையில் மூக்கு சிவந்த, பருத்த ஒரு பெண்மணி கம்பளிக் குல்லா பின்னிக்கொண்டே விற்றுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நீலக் குல்லாவை எடுத்து, உள்ளும் வெளியும் திருப்பி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பெண்மணி பின்னுவதை நிறுத்தினார். இடுப்பில் கை வைத்தார். எனக்குக் கோவளம் ஞாபகம் வந்தது.

அவர் ஏதோ கேட்டார். வேறு வழியில்லாமல் நித்யா முன்னால் வந்தாள்.

“உங்க ஊர்ல ஸ்னோவே கிடையாதே, குல்லா எதுக்குன்னு கேக்கறாங்கம்மா.”

“நம்ம ஊரை எதுக்கு விட்டுக்கொடுக்கற? மார்கழி காலையில தாம்பரம் ஸ்டேஷன்ல வந்து பாக்கச் சொல்லு. குரங்குக் குல்லாவுக்குள்ள கண்ணு மட்டும்தான் தெரியும்!”

நித்யா சொன்னாள். எவ்வளவு குளிர் என்று கேட்டார். இருபத்திரண்டு டிகிரி என்றாள். அந்தப் பெண்மணி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொல்லி, இருவருமாகச் சிரித்தார்கள்.

“அவங்க ஊர்க் கோடையே அதுதானாம்மா!”

“சிரிக்கட்டும். தையல் ஒரு பக்கம் கோணலா இருக்குன்னு சொல்லு.”

“உன் தலைதான் கோணலாம்மா.”

“அட, வாய் இருக்கே இந்தம்மாவுக்கு! என் தலை நேராத்தான் இருந்தது, இவளைப் பெத்தப்புறம்தான் கோணிச்சுன்னு சொல்லு.”

நித்யா சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். கை ஆட்டினாள், என்னைக் காட்டினாள், தன் தலையைத் தொட்டாள். அந்தப் பெண்மணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயரைக் கேட்டார்.

“நான் இவ்ளோவாடி சொன்னேன்?”

“கொஞ்சம் நானும் சேர்த்தேன்மா” என்றாள் நித்யா. அவள் கன்னம் சிவந்திருந்தது; குளிரால் மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

விலை ஒரு காசு குறையவில்லை. அக்கா குல்லாவை வைத்துவிட்டுக் கிளம்பினாள். நாங்களும் பின்னால். குனிந்தாள், ஷூ கயிற்றைத் தொட்டாள். அப்போதுதான் அந்தக் குரல், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

“நித்யா!”

கூப்பிட்டது அக்காவை அல்ல. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். “உடனே திரும்பக்கூடாது, நடக்கட்டும்” என்று பல்லுக்குள் சொன்னாள். ஆனால் நித்யா அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை கட்டியதும் நாலைந்து பேர் உட்கார்ந்து பின்னுவார்களாம். வரச் சொன்னார். எனக்குப் பின்னத் தெரியாதே என்றிருக்கிறாள் நித்யா. “அதனால் என்ன, சண்டை போடத் தெரிகிறதே” என்றாராம்.

அக்கா திரும்பிப் போனாள். சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்து அந்த நீலக் குல்லாவை வாங்கினாள். இதை நான் எங்கள் அபார்ட்மெண்டில் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். குதிரையை நம்புகிறார்கள், இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சனிக்கிழமை நித்யா போனாள். நானும் அக்காவும் ரசம் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எட்டு மணிக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல், சிரிப்பு. “அம்மா, நீங்க சாப்டுடுங்க. எனக்கு லேட்டாகும்.” அக்கா போனை வைத்தாள். எல்லாவற்றையும் கேட்கிறவள், எதையும் கேட்காமல் எனக்குச் சாதம் போட்டாள்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பினேன். நித்யா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்காதான் விமான நிலைய ரயில் வரை வந்தாள். நடைமேடையில் நின்று, ரயிலை முன்னும் பின்னும் பார்த்தாள். அதன் விலையைக் கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“இந்த மாசக் கடைசியில நான் வரப்ப மீனம்பாக்கத்துக்கு வந்துடு தம்பி. பெட்டி கனமா இருக்கும்.”

“நித்யா தூக்க மாட்டாளா?”

கதவு மூடப்போகும் மணி அடித்தது. அக்கா என்னை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“நான் தனியாத்தான்ப்பா வரேன்.”