ஈரப்பதம் அண்ணாச்சியின் உலர்ந்த அறை

தாமிரபரணிக் கரையில் பிறந்து, தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, தண்ணீரை இவ்வளவு வெறுத்த மனிதர் பூமியில் வேறு எவரும் இருக்க முடியாது. மழை வந்தால் ஊரே குளிரும், அவர் மட்டும் மேகத்தை அண்ணாந்து பார்த்து, "வந்துட்டியாக்கும்?" என்று பல்லைக் கடிப்பார்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பாளையங்கோட்டையில் நான் ஆராய்ச்சிக்குப் போன கல்லூரியில் எல்லோருக்கும் அவர் ஈரப்பதம் அண்ணாச்சி. அகச்சிவப்பு நிறமாலைமானி என்ற இயந்திரத்துக்குப் பொறுப்பாளர். ஒரு பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் செலுத்தி, அதில் என்னென்ன இருக்கிறது என்று பள்ளம் பள்ளமாகக் கோடு வரைந்து காட்டும் இயந்திரம் அது. சோதிக்கும் பொருளை ஒருவகை உப்போடு அரைத்து, வில்லையாக அழுத்தி, அதற்குள் வைக்க வேண்டும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். உறிஞ்சினால் வரைபடம் பாழ். அதனால் அறைக்குள் குடைக்கு அனுமதி இல்லை, ஈரத்தலைக்கு இல்லை. இளநீர் குடித்துவிட்டு வந்தவரைக்கூட வாசலில் நிறுத்தி விசாரிப்பார். வில்லையை வைத்ததும், "மூச்சு விடாதேயும்வே!" என்று ஒரு அதட்டல். மூச்சுக்காற்றும் படத்தில் விழுமாம்.

ஒருமுறை படம் சரியாக வராத துக்கத்தில் ஒரு மாணவி விசும்பினாள். அண்ணாச்சி சுவரிலிருந்த ஈரமானியின் முள்ளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழணும்னா அங்கன வராண்டாவுல நின்னு அழு தாயி. கண்ணீரும் தண்ணிதான்."

இப்படிப்பட்டவரிடம்தான் என் தலையெழுத்து போய் மாட்டியது. வள்ளியூரில் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு, தலை பாதி வழுக்கையான பிறகு முனைவர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. புன்னக்காயலிலிருந்து இறால் ஓடு வாங்கிவந்து (பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி), அதிலிருந்து கைட்டோசான் என்ற இயற்கைப் பாலிமரைப் பிரித்தேன். கழிவுநீரில் கலந்த செம்பை அது பிடித்துக்கொள்ளும் என்பது என் கட்சி. பிடித்திருந்தால், வரைபடத்தில் கைட்டோசானுக்குரிய பள்ளம் சற்று இடம் மாறும். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் நாம் நகர்ந்துகொள்வோமே, அப்படி.

அன்று அண்ணாச்சியின் அறையில் இருந்தேன். மறுநாள் ஆய்வுக் குழுவின் முன் படத்தைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பதிவு ரத்து. வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. முதல் வில்லையை நானே அரைத்து அழுத்தி வைத்தேன். இறாலுக்கும் செம்புக்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு பள்ளம்!

"அண்ணாச்சி, இது என்ன?"

"வேற என்ன, ஈரந்தான்."

"ஈரம் இந்த இடத்துல விழாதே?"

"மழை பெய்யுதுல்லா? எங்க வேணாலும் விழும்."

உப்பை மறுபடி அடுப்பில் காயவைத்துக் கொடுத்தார். இரண்டாவது வில்லை. பள்ளம் இன்னும் ஆழம். எனக்கு வியர்த்தது. "வேர்க்காதேயும்வே!" என்றார். மூன்றாவது வில்லையின் பள்ளத்தில் இறங்கிக் குளிக்கலாம் போலிருந்தது. வீட்டு வாசலில் 'முனைவர்' என்ற பலகையை மனைவி முன்கூட்டியே மாட்டிவிட்டாள். அதை எந்தக் காலண்டரைக் கொண்டு மறைப்பது? தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "தலை என்னவே மினுங்குது? நனைஞ்சா வந்தீரு?"

திருடனைப் பிடித்துவிட்ட பூரிப்போடு வந்து, என் உச்சந்தலையை ஒரு விரலால் வழித்தார். முகர்ந்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"தண்ணி இல்லவே. தேங்கெண்ணெ."

பயம் வந்தால் தலையைத் தடவுவது என் பழக்கம். தடவிய கையோடுதான் ஒவ்வொரு வில்லைக்கும் அரைத்திருக்கிறேன். பயம் கூடக் கூட எண்ணெய். எண்ணெய் கூடக் கூடப் பயம். சந்தேகம் தீர, விரலில் இருந்ததை வெறும் உப்பு வில்லையில் பூசி உள்ளே வைத்தார். அச்சு அசலாக அதே பள்ளம்.

"உம்ம மண்டை ரொம்பத் தெளிவா வந்திருக்குவே."

பிறகு தன் துண்டை எடுத்து என் தலையில் கட்டினார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னார். அவரே அரைத்து, அவரே அழுத்தி, உள்ளே வைத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வேண்டாத பள்ளத்தைக் காணோம். வேண்டிய பள்ளம் அழகாக நகர்ந்திருந்தது. முதல் படத்தை எடுத்துப் பார்த்தால், அதிலும் நகர்ந்துதான் இருந்தது! வேண்டாததைக் கண்டு நடுங்கியதில், வேண்டியதை நான் பார்க்கவே இல்லை.

"செம்பு மொதல்லயே பைய வந்து உக்காந்துட்டுவே," என்றார் அண்ணாச்சி. "நீருதான் எந்திரிச்சு ஓடப் பாத்தீரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, நிற்கவில்லை. அண்ணாச்சி ஈரமானியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டம் தெரிந்தவன் என்பதால், வராண்டாவுக்குப் போக நானே எழுந்தேன்.

"இங்கனயே இரும்வே," என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தின் மூடியை மட்டும் பைய மூடினார்.