என் வீட்டில் நடந்த ஈக் கல்யாணம்

விராலிமலை
12-5-1964

மகா ராஜ ராஜ ஸ்ரீ மச்சான் ரத்தினவேல் அவர்களுக்கு, பழக்கடை நல்லதம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு என்னைத் தவிர அனைவரும் க்ஷேமம். ஈக்கள் மிகவும் க்ஷேமம்.

தாங்கள் பிடிவாதம் பிடித்து மெட்ராஸில் எம்.எஸ்ஸி. சேர்த்துவிட்ட தங்கள் மருமகள் சொர்ணவல்லி லீவுக்கு வந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் துணிமணி இல்லை. பஞ்சு அடைத்த பால் பாட்டில்கள், உள்ளே ஈ. ஆயுசு பூராவும் கடையில் விசிறியும் கையுமாக நான் எந்தக் குட்டி ஈயை விரட்டுகிறேனோ அதே ஈயை, ரயிலேற்றிக் கூட்டிவந்து, ரவையும் வெல்லமும் கிண்டிப் போட்டு வளர்க்கிறாள். எதுக்காத்தா இது என்றால், "கண்ணுக்கு நெறம் குடுக்குற ஜீன் பொம்பளை ஈகிட்ட ரெண்டு இருக்குப்பா, ஆம்பளை ஈகிட்ட ஒண்ணுதான். ஆனாலும் ரெண்டுக்கும் கண்ணு ஒரே நெறம். அந்த ஒண்ணு ரெண்டு பங்கு வேலை பாக்குதான்னு, தலையை நசுக்கிச் சாயம் எடுத்து அளக்கணும்" என்கிறாள். சரி, அளந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

வினை வந்தது தங்கள் தங்கை கண்ணாத்தாளால். கூட்டிலிருந்து வெளிவந்ததுமே பெண் ஈக்களைப் பிரித்துத் தனிப் பாட்டிலில் வைக்க வேண்டுமாம். கண்ட ஆணோடு சேர்ந்துவிட்டால் அடுத்த தலைமுறை கணக்குக்கு உதவாதாம். இதைக் கேட்டதிலிருந்து கண்ணாத்தாளுக்குத் தூக்கமில்லை. "வீட்டுக்குள்ள இத்தனை கன்னிகளை அடைச்சு வச்சா அந்தச் சாபம் சும்மா விடுமா? அதான் இவளுக்கு ஒரு வரனும் தகைய மாட்டேங்குது" என்று ஒரே புலம்பல். கறம்பக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிற அன்று காலையில், நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, பாட்டிலுக்குக் குங்குமம் வைத்து, ஆண் ஈக்களை எல்லாம் பெண்கள் பாட்டிலில் கவிழ்த்துவிட்டாள். பாதி உள்ளே போயிற்று, மீதி பலகாரத் தட்டுக்குப் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் இறங்கவும் சொர்ணவல்லி பாட்டிலைப் பார்க்கவும் சரியாக இருந்தது. ஐயோ மச்சான், பிள்ளை அழுத அழுகை! காபித் தட்டோடு வந்து நின்று, "லீவு பூரா செஞ்ச வேலை போச்சு. இதை அளந்து முடிக்காம நான் யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்று சபையில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் தாயார் சின்னப்பிள்ளை அம்மாள், மூக்கின் மேல் ஈயோடு, விவரம் கேட்டார். சொன்னதும், "ஒத்தையா நின்னு ரெண்டு பங்கு வேலை பாக்குற ஆம்பளையா? எங்க வீட்டுல அந்த ரகம் கெடையாதே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கூட வந்த ஆண்கள் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

ஆகவே படித்தது போதும். தாங்கள் உடனே பஸ் ஏறி வந்து, அவளுக்குப் புத்திமதி சொல்லி, பாட்டில்களை எடுத்துக்கொண்டு போகவும். என் முடிவில் மாற்றமில்லை. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மலைமேல் முருகன் சகல பாக்கியமும் அருளி, ஈ அண்டாமலும் காப்பானாக.

இப்படிக்கு,
நல்லதம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். பிள்ளை சாப்பிடாமப் படுத்திருந்ததைப் பார்க்கச் சகிக்கலை. மிச்சமிருந்த பாட்டில்ல புதுசா வெளிவந்ததை லென்ஸ் வச்சு நானே பிரிக்கக் கத்துக்கிட்டேன். வால் நுனி கறுத்திருந்தா ஆம்பளை. பொண்ணுகளைக் கடை அலமாரியில பூட்டிச் சாவியை அரைஞாண்ல முடிஞ்சிருக்கேன். ஒங்க தங்கச்சி கோவிச்சுக்கிட்டு அடுப்பு மூட்டலை. கடை, சோறு, ஈ எல்லாம் நான்தான். ஈக்கு மயக்க மருந்து ஒரு பாட்டில் அனுப்பி வைங்க. அப்படியே அந்தச் சின்னப்பிள்ளை அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, அந்த ரகத்துல ஒரு ஆம்பளை விராலிமலையில இருக்கான்னு.