தேங்காய் எண்ணெயும் இரண்டு நிமிட மௌனமும்

ஓடாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். வண்டி எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குக் கீழே என் மோட்டார் சைக்கிள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. முதல் வேலை கிடைத்த ஜோரில் நான் வாங்கியது. மகள் நிலா வயிற்றில் இருந்தபோது ஓரம் கட்டினேன். அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது நகரவில்லை. நாங்கள் அதன்மேல் கால்மிதிகளைக் காயப்போட்டோம். பக்கத்து வீட்டார் உருளைக்கிழங்கு மூட்டையைச் சாய்த்து வைத்தார்கள். நானோ, அதில் தனியாக ஜெய்ப்பூர் போய் வந்த கதையைச் சொல்லிச் சொல்லியே நிலாவை வளர்த்திருந்தேன். (உண்மையில் போனது குர்காவ்ன் வரை. அதுவும் வழி தெரியாமல் ஒரு ஆட்டோவின் பின்னாலேயே.)

போன ஜனவரியில் ஒருநாள் நிலா கேட்டுவிட்டாள். "அம்மா, நீ சச்சி-முச்சி ஓட்டுவியா, இல்ல ஐஸே ஹி சொல்றியா?"

நிஜமாகவே ஓட்டுவாயா, சும்மா அளக்கிறாயா என்று அர்த்தம். (டெல்லியில் பிறந்த பிள்ளைகளின் தமிழ். நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும்.)

"வர்ற ஞாயித்துக்கெழமை உன்னைப் பின்னாடி உக்கார வெச்சு இந்தியா கேட் கூட்டிட்டுப் போறேன், பாரு கண்ணு" என்றேன்.

என் கணவர் சேகர் பேப்பரைக் கீழே இறக்கினார். "மெக்கானிக்கைக் கூப்பிடு."

"எதுக்குங்க? நான் இன்ஜினியர்."

"கம்ப்யூட்டர் இன்ஜினியர்."

"இன்ஜினியர்ல என்னங்க பேதம்?"

அந்த வாரம் முழுக்க ஆபீஸிலிருந்து வந்ததும் மொபைலில் வீடியோ பார்த்துக்கொண்டே வண்டியோடு மல்லுக்கட்டினேன். டேங்கிலிருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் நாற்றத்தோடு டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது. கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். (யாருடைய டூத் பிரஷ் என்பதைச் சொல்ல முடியாது. சேகரும் இதைப் படிப்பார்.) புது பேட்டரி போட்டேன். சாவி எப்போதோ தொலைந்திருந்தது. வீடியோக்காரர் சொன்னபடி இரண்டு ஒயர்களை ஒன்றாக முறுக்கி, சாவிக்கு வேலையே இல்லாமல் செய்தேன். கடைசியாக மிஞ்சியது ஆக்சிலரேட்டர் கேபிள். அது துருவேறி முரண்டு பிடித்தது.

"நல்ல எண்ணெயா பார்த்து விடுங்க" என்றார் வீடியோக்காரர்.

எங்கள் வீட்டில் நல்ல எண்ணெய் என்றால் ஒன்றுதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேடிப்பிடித்து வாங்கும் அசல் செக்குத் தேங்காய் எண்ணெய். சனிக்கிழமை மதிய வெயிலில், இளஞ்சூடாக்கி, சிரிஞ்சில் எடுத்து கேபிளுக்குள் தாராளமாக இறக்கினேன். ஆக்சிலரேட்டர் வழுக்கிக்கொண்டு போனது, வழுக்கிக்கொண்டு திரும்பியது.

டெல்லியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த தமிழர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். ஜனவரிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. மெழுகுவர்த்தியாக இறுகிக் கிடக்கும். தினமும் அந்தப் பாட்டிலை வெந்நீரில் போட்டு எடுத்து நிலாவுக்குத் தலை வாரிவிடுபவளே நான்தான். ஆனாலும் அந்த யோசனை என் மண்டையில் உதிக்கவில்லை.

ஞாயிறு காலையில் காலனிப் பூங்காவில் இரங்கல் கூட்டம். எங்கள் மாடியில் இருந்த மெஹ்ரா அங்கிள் அந்த வாரம்தான் காலமாகியிருந்தார். காலனி சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் சேகர்தான் கூட்டத்தை நடத்த வேண்டும். இந்தியில் எழுதிய இரங்கல் உரையைக் குளியலறையில் கூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அவர் தலை மறைந்ததும் ஹெல்மெட்டை எடுத்தேன். ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விடலாம் என்பது திட்டம்.

உதைத்தேன். உதைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்தேன். திடீரென்று வண்டி உறுமியது. சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்க வேண்டும், மாடிப்படிக் கம்பியெல்லாம் அதிர்ந்தது. படியில் உட்கார்ந்திருந்த நிலா கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் புத்தி மழுங்கி, முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி கிளம்பியது. அடுத்த நொடி கிளட்ச் கேபிள் 'டப்' என்று அறுந்தது. ஆக்சிலரேட்டரை விட்டேன். அது திருகிய இடத்திலேயே நின்றது.

எங்கள் பிளாக்கிலிருந்து போகும் பாதை பூங்காவைச் சுற்றும் பாதையில்தான் சேரும். வெளியே போகும் கேட்டைக் கூட்டத்துக்காகப் பூட்டியிருந்தார்கள். ஆக, சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சரியாக அப்போதுதான் சேகரின் குரல் மைக்கில் கேட்டது. "அப் ஹம் தோ மினிட் கா மௌன் ரக்கேங்கே." இப்போது இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.

நான் வந்து சேர்ந்தேன்.

முதல் சுற்றில் ஒருவரும் தலை நிமிரவில்லை. பண்பானவர்கள். சேகரின் முதுகு மட்டும் விறைத்தது. அடுத்த சுற்றில் பலர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். சேகர் சத்தம் வராமல் வாயசைத்தார். "நிறுத்து."

"நிக்க மாட்டேங்குதுங்க" என்று நான் கத்தினேன். மைக் அதைப் பிடித்துக் காலனி முழுவதற்கும் தமிழில் அறிவித்தது.

மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்பதால் அவர் சைகைக்கு மாறினார். கழுத்தை அறுப்பதுபோலக் கையை இழுத்துக் காட்டினார். இன்ஜினை ஆஃப் செய்யச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் அப்படிச் செய்ததை மற்றவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தெரியவில்லை.

பிரேக்கை அழுத்தினேன். வண்டி கொஞ்சம் வருத்தப்பட்டதே தவிர நிற்கவில்லை. நியூட்ரலைத் தேடி மிதித்தேன், இரண்டாவது கியர் கிடைத்தது. வேகம் கூடியது. நிலா பின்னாலேயே ஓடிவந்தாள். "அம்மா, சாவி பந்த் கரோ, ஆஃப் பண்ணு."

"சாவியே இல்லடி."

பெட்ரோல் குழாயை மூடலாமே என்று அப்புறம்தான் உறைத்தது. குனிந்து திருகினேன். கார்புரேட்டரில் இருந்தது தீரும்வரை வண்டி விடாமல் இருமிக்கொண்டே ஓடி, மெஹ்ரா அங்கிளின் படத்துக்கு நேர் எதிரே வந்து உயிரை விட்டது.

அப்படி ஓர் அமைதியை நான் டெல்லியில் கேட்டதே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்கள். சேகர் மைக்கில் "ஓம் சாந்தி" என்றார்.

முன்வரிசையில் மெஹ்ரா ஆன்ட்டியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஹெல்மெட்டோடு ஓடிப்போய் அவர் காலைத் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் காதே கேட்காது, மகளே" என்றார் இந்தியில். "மௌனத்தில்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குத்தான் ஏதோ கொஞ்சம் காதில் விழுந்திருக்கும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் மூவரும் வீடு திரும்பினோம். இன்ஜின் சூடும் வெயிலுமாகச் சேர்ந்து எண்ணெயை உருக்கியிருக்க வேண்டும். மாடிப்படி அருகே ஆக்சிலரேட்டர் தானாகவே 'டக்' என்று பழைய நிலைக்குத் திரும்பியது. சேகர் குனிந்து மோந்து பார்த்தார்.

"அவியல் வாசனை வருது" என்றார்.

மறுநாளே மெக்கானிக் வந்தார். புது கேபிள்கள், புது பிரேக், புது சாவி எல்லாம் போட்டு, வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நிலாவை இந்தியா கேட் கூட்டிப் போய்விட்டேன். மெஹ்ரா ஆன்ட்டியும் காய்கறி வாங்க என் பின்னால் ஏறிக்கொள்கிறார்.

ஆனால் எங்கள் வீட்டில் நேரக் கணக்கு மாறிவிட்டது. நான் எதற்காவது இரண்டு நிமிடம் கேட்டால், "எல்லாரும் சொல்ற ரெண்டு நிமிஷமா, உன்னோட ரெண்டு நிமிஷமா?" என்கிறார் சேகர். வெளியிலும் இதே கதைதான். போன வாரம் நான் வண்டியை எடுத்தபோது, வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன செக்யூரிட்டி, அந்தக் கூட்டத்தைக் கண்ணால் கூடப் பார்க்காதவர், விறுவிறுவென்று போய்க் கேட்டை அகலத் திறந்தார். நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தவர்களைக் கைகாட்டி ஓரமாக நிற்கவைத்து, மரியாதையோடு சொன்னார்.

"ஹட்டியே, ஹட்டியே. தோ மினிட் வாலி மேடம் ஆ ரஹி ஹை." (விலகுங்க, விலகுங்க. ரெண்டு நிமிஷ மேடம் வர்றாங்க.)